ஃபேவா ஏரிக்கரையில வரவே வராத மலையும் ரெண்டாவது தடவ வந்த சோறும்

2019 அக்டோபர்ல நேபாளம் போனப்ப நடந்தது இது. விடியக்காலைல சாரங்கோட் குன்று ஏறி சூரிய உதயம் பாக்கலாம்னு போய் மேகத்த மட்டும் பாத்துட்டு இறங்கினோம், அந்தக் கடுப்புல மதியச் சாப்பாடாவது மலையப் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னு எங்க வீட்டம்மா ஒரே பிடிவாதம்.

பொக்கரா ஊர்ல ஃபேவா ஏரிய ஒட்டி லேக்சைடுன்னு சொல்ற ஏரியா பூரா ஹோட்டல், டிரெக்கிங் ஜாக்கெட் கடை, காபி ஷாப், திரும்பின பக்கமெல்லாம் 'மவுண்டன் வியூ' போர்டு. அதுல ஒண்ணுக்குள்ள போய் தண்ணிய ஒட்டின டேபிளா பாத்துப் பிடிச்சோம். உக்காந்தப்புறம்தான் தெரியுது, எதிர்ல இருக்குறது ஏரியும் அதுக்கு அந்தப் பக்கம் காட்டுக் குன்றும், உச்சியில வெள்ளையா சாந்தி ஸ்தூபியும். சரி, மச்சாபுச்ரே மலை எங்கப்பான்னு கேட்டா சர்வர் பையன் வலது பக்கமா கைய நீட்டுறான், அங்க பாத்தா சாம்பல் கலர்ல மேகம்தான். "இருக்கு, ஆனா தெரியாது"ன்னு இந்தியில சொல்லிட்டு சிரிக்கிறான். மச்சாபுச்ரேன்னா மீன் வால்னு அர்த்தம், 6,993 மீட்டர், யாரையும் ஏற விடுறதில்ல. எங்களுக்குப் பாக்கக்கூட விடல!

மெனு கார்டு ஒரு நோட்டுப் புத்தகம் சைஸ்ல இருந்துச்சு, பீட்சா, பாஸ்தா, பட்டர் சிக்கன் எல்லாம் இருக்கு. என்னக் கேட்டா அந்தப் பக்கத்தையெல்லாம் புரட்டவே வேணாம், நேரா தக்காலி செட் சாப்பாடுன்னு சொல்லிடுங்க. (நம்ம தக்காளிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க.) முஸ்தாங் பக்கம் காளி கண்டகி ஆத்தோரமா இருக்குற ஜனங்க தக்காலிகள், அந்தக் காலத்துல திபெத்துக்கு உப்பு வியாபாரம் போற வழியில சத்திரம் நடத்தினவங்க, அதனால சாப்பாடு போடுறதுல கை தேர்ந்தவங்க.

பெரிய வெண்கலத் தட்டு வந்துச்சு. நடுவுல கவுத்து வச்ச சோறு, மேல குழி பண்ணி நெய், சுத்திலும் கடுகுக் கீரை, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய், அப்பளம், குந்த்ருக்னு கீரையப் புளிக்க வச்சுக் காயவச்சு செஞ்ச ஒண்ணு. தனிக் கிண்ணத்துல கருப்புப் பருப்பு, வேற ஒண்ணுமில்ல, தோல் எடுக்காத நம்ம உளுந்துதான், இரும்புச் சட்டில வேகவச்சு ஜிம்புன்னு புல்லு மாதிரி ஒரு காஞ்ச இலைய நெய்யில தாளிச்சுக் கொட்டுறாங்க, வெங்காயமும் இல்லாம பூண்டும் இல்லாம ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாசனை. உளுந்துல இப்படி ஒரு குழம்பு வைக்கலாம்னு நாப்பது வருஷமா எனக்குத் தோணவே இல்லயே. தக்காளிச் சட்னியில திமூர் போட்டிருந்தாங்க, மிளகு மாதிரிதான் இருக்கும், ஆனா காரம் இல்ல, நாக்கு மரத்துப் போய் ரெண்டு நிமிஷம் பேச்சே வரல.

வீட்டம்மா சோத்துக்குப் பதிலா திடோ கேட்டாங்க. வந்ததைப் பாத்தா சாட்சாத் நம்ம கேழ்வரகு களி! "ஏங்க, இதத் திங்கவா பிளைட்டு ஏறி வந்தோம்"னு சொல்லிக்கிட்டே முழுசா காலி பண்ணிட்டாங்க. ஏரி மீன்னு சொல்லிச் சின்ன மீனா பொரிச்சு ஒரு பிளேட், மொறுமொறுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, முள்ளுதான் ஜாஸ்தி. சோறு, பருப்பு, காய் எல்லாம் கேக்கக் கேக்கப் போடுறாங்க, அதுக்குத் தனியா காசு இல்ல. அந்தப் பையன் ரெண்டாவது தடவ என் தட்டுல சோத்தக் கொட்டினப்ப எதிர்ல கலர் கலரா படகெல்லாம் தால் பாராஹி கோயில் தீவுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு, மலைய நான் சுத்தமா மறந்தே போயிட்டேன்.

பில்லுதான் கொஞ்சம் உறுத்துச்சு. சாப்பிட்டது 1,400 நேபாள ரூபாய்க்கு, அதுமேல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அந்த மொத்தத்துமேல வாட் 13 சதவீதம், ஆகக்கூடி 1,740. நம்ம ஒரு ரூபா அங்க 1.60ங்கிறதால 1,090க்குள்ள வந்துச்சு. மெனுவுல வரி பத்திக் கீழ பொடி எழுத்துல போட்டிருந்தாங்க, கண்ணாடி போடாம படிச்சது என் தப்பு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாயில பிரஷ்ஷ வச்சுக்கிட்டே வீட்டம்மா கத்துறாங்க, என்னமோ ஏதோன்னு ஓடினா லாட்ஜ் பாத்ரூம் ஜன்னல்ல பளபளன்னு நிக்குது மீன் வால். போன் எடுத்துட்டு வந்து அவசரமா ரெண்டு போட்டோ எடுத்தேன், ரெண்டுலயும் பாதி ஜன்னல் கம்பிதான் விழுந்திருக்கு.