ஒரு சட்டைக்குள் நான்கு பதவிகள்

கும்பகோணத்தில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் நடந்த மண்டபத்தின் உரிமையாளர், வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்று கருதி, திருச்சி நடைபாதைக் கடையொன்றில் பழைய இராணுவச் சட்டையை வாங்கிவந்து, கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த வில்லைகளையும் நட்சத்திரங்களையும் உள்ளூர்த் தையற்காரரிடம் ஒப்படைத்து, இடம் கண்ட இடமெல்லாம் தைக்கச் செய்திருந்தார். பலன் இல்லாமல் போகவில்லை. காரில் வந்தவர்கள் கண்ணாடியை இறக்கி அவருக்கு வணக்கம் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ஒருவர் யாரோ பெரிய அதிகாரி என்றெண்ணிச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடினார்.

வினை, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பெரியப்பாவின் உருவில், பாபநாசத்திலிருந்து வந்த பேருந்தில் இறங்கியது.

பெரியப்பா ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பவர். வாட்ச்மேனின் இடத்தோளில் வெறும் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன, அப்படியென்றால் லெப்டினன்ட். வலத்தோளில் ஒரே நட்சத்திரம், அதனுடன் குறுக்கே சிவப்பும் மஞ்சளுமான நாடா. அது நாயப் சுபேதார். நட்சத்திரத்தை எண்ணினால் போதாது, நாடா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஓதிவரும் பாடம். சுபேதாருக்கும் இரண்டு நட்சத்திரம்தான், ஆனால் நாடா உண்டு. இவை போதாவென்று, இரண்டு கைகளிலும் ஹவில்தாருக்குரிய மூன்று பட்டைகள், மார்பில் பாராசூட் வீரருக்குரிய இறக்கைகள், புஜத்தில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்தில் என்.சி.சி வில்லை. இந்தக் கணக்குப்படி அவருடைய வலத்தோள் இடத்தோளுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். கைகளோ இரண்டு தோள்களுக்கும் அடிக்க வேண்டும்.

பெரியப்பாவைக் கலங்கடித்தது சட்டைப்பையின் மேலிருந்த யானை. கும்பேசுவரர் கோவில் யானை என்று மண்டபத்துக்காரர் நினைத்திருந்த அது, 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த யானை. கேடயத்தின் மேல், குறுக்கிட்ட இரு வாள்களோடு நிற்பது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னம். நம்மவர் என்று கண்டதும் பெரியப்பாவுக்கு உணர்ச்சி மேலிட்டு, வாசலிலேயே விறைப்பாக நின்று, "வீர மதராஸி!" என்று ரெஜிமென்ட்டின் போர்முழக்கத்தை முழங்கினார். "அடி கொல்லு, அடி கொல்லு!" என்று பதில் வந்திருக்க வேண்டும். வராததால் அதையும் அவரே முழங்க, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார்; சமையல் கட்டிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு ஓடிவந்தார்கள்.

விவரம் தெரிந்த பிறகு பெரியப்பா வாட்ச்மேனைக் கடிந்துகொள்ளவில்லை, மண்டபத்துக்காரரைத்தான் பிடித்துக்கொண்டார். படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்துடன் அந்த உடையை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை தரக்கூடிய குற்றம் என்று அவர் விளக்கியதும், சற்று முன்வரை "சும்மா ஒரு கெத்துக்குத்தான் ஐயா" என்று சிரித்துக்கொண்டிருந்தவர், பிளேடு எடுத்துவர ஆளை அனுப்பினார்.

தையல்களை அறுத்தபோதுதான் சட்டையின் உண்மையான வரலாறு வெளிவந்தது. வலக்கையின் மூன்று பட்டைகளுக்கு அடியில், சுற்றியிருந்த துணியெல்லாம் வெளிறிப்போயிருக்க, வெயில் படாத இரண்டு பட்டைகளின் தடம் மட்டும் பச்சை மாறாமல், ஓரமெங்கும் பழைய ஊசித்துளைகளோடு இருந்தது. இடக்கையில் அப்படி எதுவுமில்லை. இராணுவத்தில் பட்டை வலக்கைக்கு மட்டும்தான். "இதைப் போட்டிருந்தவன் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே" என்று தீர்ப்பளித்த பெரியப்பா, சட்டையின் உருமறைப்பு வடிவம் 2022-இல் வந்த புதிய சீருடைக்கு முந்தையது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அப்படியானால் அந்த இரண்டு பட்டையையாவது வைத்துக்கொள்ளலாமா என்று மண்டபத்துக்காரர் இழுத்தார். அதுவரை வாய் திறவாமல் பனியனோடு நின்றிருந்த வாட்ச்மேன், "வேண்டவே வேண்டாம் ஐயா, இந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து எனக்கு ஒருத்தரும் பத்து ரூபாய் கொடுக்கவில்லை, அதிகாரிக்கு எப்படிக் கொடுப்பது என்று கூச்சப்படுகிறார்கள்" என்றார்.