கலைப் புகைப்படம் படிக்கப் போகிறீர்களா? முதலில் பத்துப் படத்தை அடுக்கிப் பாருங்கள்

கமரா வாங்கியாச்சு, இனிக் கொழும்பில் எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். டிப்ளோமா வகுப்புகளுக்கு இங்கே குறைவில்லை, நானும் ஒன்று முடித்தேன். ஷட்டர் வேகம், ஸ்டூடியோ லைட் எல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தந்தார்கள், அது வேண்டியதுதான். ஆனால் எனக்குக் கண் திறந்தது பிரித்தானிய ரோயல் போட்டோகிராபிக் சொசைட்டி தரும் முதல் படித் தகுதியான லைசென்ஷியேட்டுக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தபோதுதான்.

அதற்கு 10 படம் கேட்பார்கள். கையில் இருப்பதில் திறமான பத்தை அனுப்பினால் சரி என்று தோன்றும், அப்படி இல்லை. பத்தும் பக்கத்தில் பக்கத்தில் எப்படி நிற்கின்றன என்பதையும் பார்க்கிறார்கள். அடுத்த படியான அசோசியேட்டுக்கு 15 படம், கூடவே நீங்கள் என்ன செய்ய நினைத்தீர்கள் என்று ஒரு சின்னக் குறிப்பும் எழுதவேண்டும். பரீட்சைக்குப் போகாதவர்களும் இந்த வேலையைச் செய்து பார்க்கலாம், செலவு குறைவு: நாலுக்கு ஆறு சைஸில் பிரிண்ட் போட்டு விறாந்தையில் பரப்புங்கள். போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் பிடிபடாது.

நான் எடுத்தது வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து பிளாட் பல்கனிகள். உப்புக்காற்றில் துருவேறிய கிரில், காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை, அந்த மாதிரி. அதற்குள் அந்தி வெயிலில் றெயில் போகிற படம் ஒன்று, பார்த்த எல்லாரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். வரிசையில் வைத்தால் மற்ற ஒன்பதும் செத்துப்போகும், அதனால் எடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு வந்தது கிரில்லின் துருவைக் கிட்டப் போய் எடுத்த படம்; தனியாகப் பார்த்தால் யாரும் லைக் போடமாட்டார்கள், ஆனால் இரண்டு வெள்ளைச் சட்டைப் படங்களுக்கு நடுவில் வைத்தவுடன் அந்தச் சட்டைகளே வேறு மாதிரித் தெரிந்தன.

வெளிச்சம் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம், அந்தி வெளிச்சம் சட்டென்று போய்விடும். மத்தியான வெயிலின் கறுப்பு நிழலையும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்து முகில் வெளிச்சத்தையும் வைத்து வேலை செய்யப் பழகுங்கள்.

மற்றது, மற்றவர்களின் வேலையைப் பார்க்கவேண்டும். லயனல் வென்ட் எங்கள் நாட்டுப் புகைப்படக் கலைஞர், 1944 இல் இறந்தவர், சட்டமும் பியானோவும் படித்தவர், சோலரைசேஷன் (கழுவும்போதே படத்தில் வெளிச்சம் பட வைத்து இருட்டையும் வெளிச்சத்தையும் இடம் மாற்றுவது) எல்லாம் செய்து டார்க்ரூமிலேயே படத்தை வேறொன்றாக்கியவர். அவர் பெயரிலுள்ள கலையரங்கில் கண்காட்சி நடந்தால் போய் வாருங்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன் இருக்கிறது, ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, 1943 இல் கொழும்பில் சேர்ந்த நவீன ஓவியர்களான 43 குழுவினரின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. ஓவியம் எங்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு பிரேமில் எதை வெட்டலாம் என்பதை நான் கமராக்காரர்களிடம் படித்ததைவிட அந்தச் சுவர்களில்தான் கூடப் படித்தேன்.

கடைசியாக ஒரு கடை விஷயம். பிரிண்ட் போடக் கொடுக்கும்போது, "அண்ணா, ஓட்டோ கரெக்‌ஷன் போடாதீங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஷின் தானாகவே இருட்டை வெளிச்சமாக்கும், பத்துப் படமும் பத்து நிறத்தில் வரும். லென்ஸைத் தோல் பைக்குள் மூடி வைக்கவும் வேண்டாம், இந்த ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். இறுக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.