படிவத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்

காகிதத்தில் நடந்துவந்த ஒரு சான்றிதழ்ச் சேவையை இணையவழிக்கு மாற்றியபோது, விதிமுறைகளை மென்பொருள் குழுவுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. இருக்கும் படிவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவருவது, இணைப்புகளை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்வது, மையொப்பத்துக்குப் பதிலாக மின்னொப்பம் பெறுவது என்பதே தொடக்கத் திட்டம். அது போதாது என்பது முதற்கட்டச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. விண்ணப்பதாரர் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை என்றாலும், அவருடைய கோப்பு அதே இருக்கைகளை அதே வரிசையில் கடந்தாக வேண்டியிருந்தது.

ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் எந்த விதி கேட்கிறது என்று தேடத் தொடங்கினோம். சிலவற்றுக்கு விதியே இல்லை. எப்போதோ ஓர் அதிகாரி முன்னெச்சரிக்கையாகக் கேட்டது நடைமுறையாக நிலைத்திருந்தது. வேறு சில, அரசின் இன்னொரு துறையே வழங்கிய சான்றுகள். அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலைக் குடிமக்களே ஓர் அலுவலகத்தில் வாங்கி இன்னோர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பது நியாயமல்ல என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். இந்தப் பணியில் நான் சற்றும் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான். எஸ்டோனியா 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பின் வழியே துறைகளை இணைத்து வருவதையும், ஒரே தரவைத் திரட்டத் தனித்தனித் தரவுத்தளங்கள் அமைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தராததையும், தகவலை ஒருமுறை மட்டுமே கேட்பது என்ற கொள்கையை ஐரோப்பிய நாடுகள் 2017-இல் தாலின் பிரகடனத்தில் ஏற்றுக்கொண்டதையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தேன். குறிப்பு ஏற்கப்பட்டது.

தரவுத்தளங்களை இணைத்த பிறகே கடினமான பகுதி தொடங்கியது. பழைய பதிவேடுகளில், பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 என்று தேதி இட்டிருந்தார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் போலிப் பதிவுகளைக் கண்டுபிடிக்க எழுதப்பட்ட நிரலோ, ஒரே ஆண்டில் பிறந்த, ஒரே பெயருள்ள முதியவர்களை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிட்டது. முன்பெல்லாம் பிரிவு எழுத்தர் முகவரியைப் பார்த்து, ஆளை விசாரித்து, நொடியில் தீர்த்துவைத்த ஐயம் இது. நிராகரிக்கும் அதிகாரம் நிரலுக்கு வேண்டாம், ஐயம் எழும் விண்ணப்பம் ஓர் அலுவலரின் பார்வைக்குச் செல்லட்டும், அவர் பதவியும் காரணமும் இல்லாமல் எந்த நிராகரிப்பும் வெளியே போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். காலம் பிடிக்கும் என்று முதலில் தயங்கிய மென்பொருள் குழுவினர், தள்ளப்பட்ட பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

உதவி முகப்பு ஒன்றை நேரடியாகவும் தொடர வேண்டும் என்ற கோரிக்கை எளிதில் நிறைவேறியது. திறன்பேசி இல்லாதவருக்கும், ஓடிபி எண்ணைப் பிறரிடம் காட்டிப் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கும் அந்த முகப்பே சேவையின் வாசல் என்பதை எவரும் மறுக்கவில்லை.

இணைப்புகளில் பெரும்பாலானவை இப்போது நீங்கிவிட்டன. உறுதிமொழிப் பத்திரம் மட்டும் சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டிருப்பதால் எங்கள் நிலையில் அதை நீக்க இயலவில்லை. திருத்த முன்மொழிவு சட்டத் துறையின் பரிசீலனையில் இருக்கிறது.