சுவர் போட்ட சைக்கிள் பாதை

பெர்லினில் சைக்கிள் ஓட்ட நல்ல இடம் எது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு ஏரியையும் காட்டையும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கிழக்கு ஜெர்மனி ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்துக் கட்டிய சுவர் இருந்த தடத்தைத்தான் சொல்வேன். வரலாற்று ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தடம் உண்மையிலேயே சைக்கிளுக்கு வசதியானது. 1961 ஆகஸ்டிலிருந்து 1989 நவம்பர் வரை ஊர் நடுவே யாரையும் கட்ட விடாமல், நடக்க விடாமல் காலியாக வைத்திருந்த நிலம் அது. காவலர்கள் வண்டியில் ரோந்து போவதற்குப் பாதையும் போட்டு வைத்திருந்தார்கள். சுவரை இடித்தபோது பாதை பல இடங்களில் தப்பித்துவிட்டது. பசுமைக் கட்சியின் மிஷாயேல் கிராமர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில், பின்னாளில் நகர நிர்வாகம் துண்டு துண்டாகக் கிடந்த அந்தப் பாதைகளைக் கோத்தது. பழைய மேற்கு பெர்லினைச் சுற்றி ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தடம் இப்படித்தான் வந்தது.

முழுச் சுற்றுக்கு என் முழங்கால் ஒத்துழைக்காது. வடக்கே போர்ன்ஹோல்மர் பாலத்தில் தொடங்கி, ஊருக்கு நடுவே வந்து, ஸ்ப்ரே ஆற்றங்கரை வரை போவது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கடையில் கிடைத்தது கனமான, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. பின்சக்கரத்துக்குக் கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் நிற்கும். இறக்கத்தில் சும்மா பெடலைப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போவது நம்மில் பலருக்குப் பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் வண்டி அப்படியே நின்றுவிடும். சிக்னலில் நின்ற பிறகு பெடலை வாகான உயரத்துக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளவும் முடியாது. கடைத் தெருவிலேயே இரண்டு வட்டம் அடித்துப் பழகிவிட்டுக் கிளம்புவது நல்லது. ஊர் கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம் என்பதால் கியருக்கு அதிகம் வேலை இல்லை.

போர்ன்ஹோல்மர் பாலம் பார்க்கச் சாதாரண இரும்புப் பாலம்தான். 1989 நவம்பர் 9 இரவு, மேற்கே போக வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் முதலில் தடுப்பைத் திறந்துவிட்ட எல்லைச் சாவடி இங்கேதான் இருந்தது. பாலத்தடியில் ஜப்பானியர்கள் நன்கொடையாகக் கொடுத்த செர்ரி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏப்ரல் கடைசியில் அவை பூக்கும்போது கூட்டம் அலைமோதுமாம். நான் போனபோது வெறும் இலைதான், கூட்டமும் இல்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அங்கிருந்து தெற்கே வந்தால் பெர்னாவர் தெரு. இந்த ஒரு தெருவுக்காகவே நேரம் ஒதுக்கலாம். இங்கே எல்லைக்கோடு வீடுகளின் முகப்பை ஒட்டிப் போனது. வீடு கிழக்கைச் சேர்ந்தது, வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மேற்கைச் சேர்ந்தது. 1961-இல் வாசல்களை அடைத்தபோது சனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள், அப்புறம் வீடுகளையே இடித்தார்கள். காவல் பட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தேவாலயத்தை 1985-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். விழப்போவது சுவர்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்! அதே இடத்தில் 2000-இல், பழைய கோயிலின் செங்கல் தூளையும் கலந்து, மண்ணை இடித்து இறுக்கி ஒரு சிறு தேவாலயம் எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் கம்புபோன்ற ஒரு தானியம் விளைகிறது, ரை என்பார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த வயலோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தெருவில் டிராம் தண்டவாளத்தைக் கவனியுங்கள். ஒல்லி டயர் அதன் பள்ளத்தில் இறங்கினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். குறுக்காக வெட்டித்தான் கடக்க வேண்டும். மேற்கு பெர்லின் 1967-இல் டிராமை அடியோடு நிறுத்திவிட்டது, கிழக்கு வைத்துக்கொண்டது. ஊர் இணைந்த பிறகு சில தடங்களை மேற்குப் பக்கமும் நீட்டியிருக்கிறார்கள் என்றாலும், தண்டவாளம் தட்டுப்பட்டால் பெரும்பாலும் பழைய கிழக்கில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கல் பாவிய சந்துகளில் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே கதைதான், பல் ஆடும்.

ஊர் நடுவே பாதை கட்டடங்களுக்கு இடையில் காணாமல் போகிறது. அங்கே சுவர் இருந்த கோட்டைத் தரையில் இரட்டை வரிசைக் கல்லாகப் பதித்திருக்கிறார்கள். அது சாலைக்கு நடுவே ஓடும், திடீரென்று ஒரு கட்டடத்துக்குள் நுழையும், மறுபக்கம் வெளிவரும். காரில் போகிறவருக்கு இது கண்ணில் படாது. நடப்பவருக்கு ஒரு துண்டோடு கால் ஓய்ந்துவிடும். சைக்கிளில்தான் அதன் கோணல்மாணல் முழுவதும் உடம்புக்குத் தெரிகிறது. செக்பாயிண்ட் சார்லி என்ற பழைய எல்லைச் சாவடியில் நிற்காமல் போய்விட்டேன். பொம்மைச் சாவடி, செல்ஃபி, துரித உணவுக் கடை, அவ்வளவுதான். அதற்குப் பக்கத்திலேயே, சிம்மர் தெருவில், 1962-இல் சுவரைத் தாண்ட முயன்றபோது சுடப்பட்டு உதவியின்றி ரத்தம் சிந்தியே செத்துப்போன பீட்டர் ஃபெஷ்டரின் நினைவுத் தூண் இருக்கிறது. அதன் முன் என்னைத் தவிர யாரும் இல்லை.

க்ராய்ஸ்பெர்க் பகுதியின் ஓரத்தில் பலகைகளை அடுக்கிக் கட்டிய ஒரு மரவீடு இருக்கிறது, தேடிப் போங்கள். சுவர் கட்டியவர்கள் வளைவைத் தவிர்க்க நேராகக் கட்டிவிட்டதில், கிழக்குக்குச் சொந்தமான முக்கோணத் துண்டு நிலம் ஒன்று மேற்குப் பக்கம் விடுபட்டுப்போனது. எண்பதுகளில் ஓஸ்மான் கலின் என்ற துருக்கியர் அங்கே குப்பையை அள்ளிவிட்டு வெங்காயமும் பூண்டும் நட்டார். மேற்குப் போலீசுக்கு அங்கே அதிகாரமில்லை. கிழக்குக் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் 2018-இல் இறந்துபோனார், வீடு நிற்கிறது. இரண்டு வல்லரசுகளின் முட்டலில் ஒருவர் பூண்டு விளைவித்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மறுநாள் டெம்பெல்ஹோஃப். 1948–49-இல் சோவியத்துகள் மேற்கு பெர்லினுக்கு வரும் சாலையையும் ரயிலையும் அடைத்தபோது மாவும் நிலக்கரியும் வந்து இறங்கிய விமான நிலையம் இது. 2008-இல் மூடி, 2010-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஓரங்களில் வீடு கட்டும் திட்டத்தை 2014 வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுவது தனி மிதப்புத்தான், எதிர்காற்று இல்லாதவரை. வானம்பாடிகள் கூடு கட்டும் புல்வெளிக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இருட்டினால் கதவைப் பூட்டிவிடுவார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து தென்கிழக்கே சற்று மிதித்தால் பிரிட்ஸ் என்ற பகுதியில் மயூரபதி முருகன் கோயில். வெள்ளிக்கிழமை என்பதால் பூசைக்கு நல்ல கூட்டம். வெளியே சைக்கிளைப் பூட்டும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி இந்தியாவோ?”

“ஆமாங்க ஐயா.”

சுவர்ப் பாதையில் ஓட்டிய கதையைச் சொன்னதும் சிரித்தார். “நாங்கள் அந்தச் சுவருக்குக் கீழாலதான் வந்தனாங்கள்.”

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. எண்பதுகளின் முதல் பாதியில் ஈழத்தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ் தெரு ஸ்டேஷனில் பாதாள ரயில் ஏறி மேற்கே வந்தார்கள். கிழக்கு ஜெர்மனி வழிப்போக்கு விசா கொடுத்தது. அந்தக் கோட்டை எல்லை என்றே ஒப்புக்கொள்ளாத மேற்கு, வழக்கமான பாஸ்போர்ட் சோதனை வைக்கவில்லை. சொந்தச் சனம் தாண்டினால் சுட்ட சுவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வழி விட்டது. 1985-இல் அதுவும் அடைபட்டது.

“அங்க சைக்கிள் இல்லாமல் நாங்கள் எங்கயும் போறேல்லை. இஞ்ச வந்து தொடவேயில்லை, குளிர்” என்றவர், குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். “காத்துக் காணாது தம்பி.” உள்ளே போய் யாரிடமோ கேட்டு ஒரு பம்பும் கொண்டுவந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அந்தக் காசுக்குப் பழைய சைக்கிள் ஒன்றே வாங்கியிருக்கலாம், போகும்போது விற்றிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

திரும்பும்போது சைக்கிளோடு பாதாள ரயிலில் ஏறினேன். அதற்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.