வாரம் ஒரு ஊசியா, மூன்று ஊசியா?

குங்குமம்தான் முதலில் காட்டிக் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்றபோது, இடது கண்ணுக்கு மட்டும் அது செங்கல் தூள் மாதிரி வெளிறித் தெரிந்தது. கண்ணை அசைத்தால் உள்ளே வலி. பார்வை நரம்பில் அழற்சி என்று சொல்லி, கண் டாக்டர் நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்துச் சோதனை, ஐந்து நாள் தினமும் ஒரு கிராம் ஸ்டீராய்டு டிரிப். இரண்டு வருடம் முன்பு வலது கால் மூன்று வாரம் மரத்துப்போய், சத்துக்குறைவு என்று மாத்திரை சாப்பிட்டேன். அதுவும் இதே நோய்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்.: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். எனக்கு விட்டுவிட்டுத் தாக்கும் வகை.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் டாக்டரம்மா இன்னொரு ரத்தச் சோதனை எழுதினார். அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. என்.எம்.ஓ. என்று வேறொரு நோய் உண்டு, அதுவும் பார்வை நரம்பைத்தான் தாக்கும். அந்த நோய்க்காரருக்கு, எம்.எஸ்.ஸுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசியைப் போட்டால் நோய் இன்னும் மோசமாகலாம். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யாராவது எம்.எஸ். என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வியே இந்தச் சோதனை ஆயிற்றா என்பதுதான்.

இரண்டும் நெகட்டிவ். அப்புறம்தான் ஊசிப் பேச்சு. நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டேன். இன்டர்ஃபெரானிலேயே பல உண்டு: அவோனெக்ஸ் வாரம் ஒரு முறை தசைக்குள், ரெபிஃப் வாரம் மூன்று முறை தோலுக்கு அடியில், பீட்டாஃபெரான் ஒன்றுவிட்டு ஒரு நாள். அடுத்தது கிளாட்டிரமர், அதாவது கோபக்ஸோன்: தினமும் 20 மில்லிகிராம் அல்லது வாரம் மூன்று முறை 40. இவை எல்லாமே தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் மருந்துகள். கடைசியாக ஒஃபாட்டுமுமாப், 2020-ல் அமெரிக்காவில் ஒப்புதல் வாங்கியது. முதல் மூன்று ஊசி வாரம் ஒன்றாக, பிறகு மாதம் ஒன்று. எம்.எஸ்.ஸுக்கே கொடுக்கும் டெரிஃப்ளுனோமைடு மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தாக்குதல்களைப் பாதியாகவும் அதற்குக் கீழும் குறைத்தது.

“கடைசியா சொன்னதுதானே வலுவானது, அதையே போட்டுக்கலாமே மேடம்?” என்று கேட்டேன்.

“குழந்தை எப்போ பெத்துக்கலாம்னு இருக்கீங்க?” என்றார் அவர்.

ஒரு வருடத்துக்குள் என்றேன். ஒஃபாட்டுமுமாப் போடும்போதும், நிறுத்திய பின் ஆறு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. விலையும் எங்கள் கைக்கு எட்டாது. அந்த வரியை அன்றே அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தவற்றில் எதில் குத்து குறைவு என்று மட்டும் பார்த்தேன். வாரம் ஒன்று என்பது பெரிய நிம்மதியாகத் தெரிந்தது. அடிக்கடி போடும் இன்டர்ஃபெரான் வாரம் ஒன்றைவிட நன்றாகக் கட்டுப்படுத்தியதாக 2002-லேயே இரண்டு ஆய்வுகள் வந்திருக்கின்றன என்று அவர் சொன்னார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவோனெக்ஸையே தொடங்கினேன்.

வெள்ளி இரவு ஊசி, சனிக்கிழமை காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தாலும் விடியற்காலையில் பல் கிட்டும் அளவுக்குக் குளிரும். பலருக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடும் என்கிறார்கள், எனக்குத் தணியவில்லை. நான்காவது வாரம் காய்ச்சலோடு இடது கண்ணும் மங்கியது. மறுபடி தாக்குதல் வந்துவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே போன் செய்தேன். உடம்பு சூடானால் பழைய காயம்பட்ட நரம்பு தற்காலிகமாகத் தடுமாறும், சூடு இறங்கினால் சரியாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் புது அறிகுறி நீடித்தால்தான் அதைத் தாக்குதல் என்பார்களாம். மாலைக்குள் கண் தெளிந்துவிட்டது. முதல் ஊசிக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பகல் அப்படிப் போயிருக்காது.

எட்டாவது மாதம் ஈரல் சோதனையில் எண்கள் ஏறியிருந்தன. இன்டர்ஃபெரானுக்கு ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சோர்வு வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். நோட்டைத் திரும்பத் திறந்தேன். இந்த முறை குத்து எத்தனை என்று எண்ணவில்லை. ஊசி போட்ட மறுநாள் வகுப்பில் நின்று கணக்குப் போட முடியுமா, குழந்தை ஆசைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கிளாட்டிரமருக்குக் காய்ச்சல் இல்லை. கர்ப்பிணிகளிடம் பயன்படுத்திய அனுபவமும் நிறையச் சேர்ந்திருக்கிறது. ரெபிஃபையும் பீட்டாஃபெரானையும் தனித்தனியாக அதோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிளாட்டிரமருக்கே மாறினேன், வாரம் மூன்று ஊசி.

இந்த மருந்து வந்த கதை எனக்குப் பிடிக்கும். நான்கு அமினோ அமிலங்களைக் கோர்த்துச் செய்த சங்கிலி இது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் விலங்குகளுக்கு எம்.எஸ். போன்ற நோயை வரவைக்கத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் இது நோயைத் தடுத்துவிட்டது. 2017-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜெனரிக், அதாவது இதே மருந்தின் நகல், ஐதராபாத் நாட்கோ நிறுவனம் மைலான் என்ற மருந்துக் கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்தது என்று தெரிந்தபோது, ஏனோ தெம்பாக இருந்தது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறைகிறது. வயிறு, தொடை, இடுப்பு, கை என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு கரைந்து பள்ளம் விழும், அது திரும்ப நிரம்பாது. போட்ட இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தடித்து, இரண்டு நாள் அரிக்கும். ஒரே ஒரு முறை, ஊசியை எடுத்த அடுத்த நிமிடமே முகம் சூடாகி, நெஞ்சு இறுகி, மூச்சு முட்டியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் தானாக அடங்கியது. இப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. ஆனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: ஆபத்தான ஒவ்வாமையும் அபூர்வமாக வரலாம் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை கொடுத்தது. அறிகுறி கூடிக்கொண்டே போனாலோ, தடிப்பும் வீக்கமும் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

மருந்து வரும் வழியையும் கவனியுங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி, ஒரு மே மாதம் ஐஸ் முழுக்க உருகி வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்தது வரும்வரை இரண்டு டோஸ் தவறின.

குழந்தை இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. புதுத் தழும்பு தெரிந்தால் வலுவான மருந்துக்கு மாற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், அப்போது குழந்தைக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். இன்று புதன்கிழமை. நோட்டில் வலது தொடை என்று எழுதியிருக்கிறது. ஊசி மேசைமேல், அரை மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிடம்.