பச்சைத் தண்ணீரோடு ஐந்து வாரம்

போன சித்திரையில் சென்னை கொளத்தூரின் வண்ண மீன் சந்தையில் வாங்கிய இரண்டடி மீன் தொட்டி அது. ஏறத்தாழ 55 லிட்டர் பிடிக்கும். ஆறு மோலி மீன், ஐந்து ஜீப்ரா டேனியோ மீன், நான்கு நத்தை. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலை வெயில் தண்ணீர் வழியாக வந்து தரையில் ஆடுவது என் மகளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மூன்றாவது வாரம் தண்ணீரில் லேசாகப் பச்சை தட்டியது. அடுத்த ஐந்தாறு நாளில் பின்பக்கக் கண்ணாடியே தெரியவில்லை. மீன்கள் முன்னால் வந்தால்தான் இருப்பது தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. பச்சை கண்ணாடியில் இல்லை, தண்ணீருக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி அது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்து, கற்களைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கழுவினேன். அன்று இரவு தொட்டி பளிங்கு மாதிரி இருந்தது. ஆறாம் நாள் மறுபடி பச்சை, முன்னைவிட அடர்த்தியாக. மறுபடியும் கழுவினேன். மறுபடியும் பச்சை.

அப்புறம் ஒரு கடையில் பாசி மருந்து கொடுத்தார்கள். நத்தை இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்கினேன், ஒன்றும் ஆகாது என்றார்கள். இரண்டே நாளில் நான்கு நத்தைகளும் செத்துக் கிடந்தன. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தாமிரக் கலவை என்று பொடி எழுத்தில் இருந்தது. நத்தை, இறால் வகைகளுக்குத் தாமிரம் நஞ்சு. வாங்கும்போதே அதைப் படித்திருக்க வேண்டும். மகள் அன்று பூராவும் என்னிடம் பேசவில்லை.

அதைவிடப் பயந்தது ஒரு விடியற்காலையில். ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பகலில் வெளிச்சம் இருக்கும்வரை பாசி ஆக்ஸிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீன்களைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். தொட்டி நிறையப் பாசி இருந்தால் விடிவதற்குள் மூச்சு முட்டிவிடும். ஏர் பம்பை முழு வேகத்தில் வைத்துவிட்டு, வெளிச்சம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றே கொளத்தூர் போனேன். இந்த முறை கடைக்குப் போகாமல், வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம். அவருடைய தொட்டிகள் எல்லாமே என்னுடையதைவிடப் பச்சை. "குஞ்சுக்கு இதுதான் தம்பி சாப்பாடு. நாங்க வேணும்னே வெயில்ல வச்சு உண்டாக்குறோம்" என்றார். எப்படி உண்டாக்குகிறீர்கள் என்று கேட்டேன். நல்ல வெயில், கொஞ்சம் அதிகமாகவே தீனி, கழிவை உண்டு சரிசெய்யும் செடியோ பழைய ஃபில்டரோ இல்லாத புதுத் தண்ணீர். என் வீட்டில் நான் செய்துகொண்டிருந்ததை அவர் வரிசையாகச் சொல்வது போல இருந்தது.

ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிக் கழுவி அதை நானே கொன்றிருந்தேன். மிஞ்சிய அமோனியா பாசிக்கு உரமானது. வாங்கி வந்த சோதனைக் குப்பியிலும் அமோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) காட்டியது. பூஜ்யமாக இருக்க வேண்டியது அது.

"தண்ணிய மொத்தமா மாத்தாதீங்க, வெளிச்சத்த நிறுத்துங்க" என்பதுதான் அவர் சொன்ன வழி. பாதித் தண்ணீரை மாற்றி, குளோரினை நீக்கும் ஆன்டிக்ளோரின் போட்டு, தொட்டியைக் கெட்டியான போர்வையால் நாலாபக்கமும் சுற்றினேன். நான்கு நாள். விளக்கு இல்லை, தீனி இல்லை. நல்ல ஆரோக்கியமான பெரிய மீன்கள் அத்தனை நாள் பட்டினியைத் தாங்கும், குஞ்சுகள் இருந்தால் இதைச் செய்யக் கூடாது. ஏர் பம்பை மட்டும் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை, ஏனென்றால் பாசி செத்து அழுகும்போதும் ஆக்ஸிஜன் குறையும். தூக்கிப் பார்க்க மகள் தினமும் கெஞ்சினாள். அதைத் தடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

ஐந்தாம் நாள் போர்வையை எடுத்தபோது பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. லேசான வெண்மங்கல், அவ்வளவுதான். உடனே பாதித் தண்ணீரை மாற்றி, அடியில் படிந்திருந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். ஸ்பாஞ்சை இந்தத் தடவை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்ததோடு சரி.

தொட்டி இப்போது வெயில் எட்டாத உள்சுவர் ஓரத்தில் இருக்கிறது. விளக்கு டைமரில் ஆறு மணி நேரம் மட்டும். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றம். ஒரு கட்டு ஹைட்ரில்லாவும் மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரையும் விட்டிருக்கிறேன். வேகமாக வளரும் செடி பாசிக்குப் போக வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. அமோனியா பூஜ்யத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினேன்.

முன் கண்ணாடியை மட்டும்தான் துடைக்கிறேன். பின்பக்கம் மெல்லிதாகப் படரும் பச்சையை விட்டுவைத்திருக்கிறேன். மோலிகள் காலையிலிருந்து அதைக் கொறித்துக்கொண்டே இருக்கின்றன. போன வாரம் நான்கு புது நத்தைகள் வந்தன. அவற்றுக்கு மகள் பெயர் வைத்துவிட்டாள்.