எடிட்டர் எந்தப் பைதானைப் பார்க்கிறது?

போன சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் மகள் லேப்டாப்போடு வந்துவிட்டாள். "சித்தப்பா, நீங்கள் கொடுத்த பைதான் புரோகிராம் என்னிடம் ஓடவே இல்லை. மேட்ச் என்று எழுதியிருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு போடுகிறது. மூன்று நாளாக எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்."

அந்தப் புரோகிராம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் நாங்கள் இருவரும் இவ்வளவு மெனக்கெட்டோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் உள்ள நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி யாரும் எழுதவில்லை. முனுசாமி என்ற ஒரே பெயர் மூன்சாமி, முன்சாமி, மூனுசாமி என்று இன்றைக்கும் டர்பனில் வேறு வேறு குடும்பப் பெயர்களாக நிற்கிறது. எங்கள் குடும்பத்திலேயே என் தாத்தாவுக்கு ஓர் எழுத்து, அவர் தம்பிக்கு வேறோர் எழுத்து. இந்த வடிவங்களை எல்லாம் சேர்த்து ஒரே பெயரின் கீழ் கொண்டுவரும் சின்னப் புரோகிராம்தான் நாங்கள் எழுதுவது. அதற்கு மேட்ச், கேஸ் என்ற எழுத்துமுறை ரொம்ப வசதி. ஒரு வரியில் நாலைந்து வடிவங்களை அடுக்கி "இதில் எது வந்தாலும் முனுசாமி" என்று சொல்லிவிடலாம்.

அந்த எழுத்துமுறை பைதான் என்ற நிரல்மொழியில் 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பைதானுக்கு அது என்னவென்றே தெரியாது, "எழுத்துமுறை தவறு" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். நான் எழுதியது உபுண்டு 24.04 இயங்குதளம் உள்ள என் கணினியில், அதில் பைதான் 3.12 இருக்கிறது. அவளுடையது பழைய லேப்டாப், உபுண்டு 20.04, அதோடு வரும் பைதான் 3.8. இது வரைக்கும் யாரும் ஊகித்துவிடலாம். அவளும் ஊகித்துவிட்டாள். பைதான் பதிப்புகளை இறக்கித் தரும் யூவி என்ற கருவியைப் போட்டு, அதை வைத்து 3.12ஐயும் இறக்கி வைத்திருந்தாள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் 3.12 என்று எண்ணோடு கூப்பிட்டால் புரோகிராம் ஓடுகிறது. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் மேலே உள்ள முக்கோணப் பொத்தானை அழுத்தினால் ஓடவில்லை. சிவப்புக் கோடும் போகவில்லை. அவளைக் குழப்பியது இதுதான். புதுப் பைதான் கணினியில் இருக்கிறது, ஆனால் எடிட்டர் அதைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

நான் உட்கார்ந்தபோது அவள் திரையில் ஒரு கட்டளை தட்டி வைத்திருந்தாள், எண்டரை மட்டும் அழுத்தவில்லை. உபுண்டுவின் சொந்த பைதான்3 என்ற இணைப்பையே 3.12 பக்கம் திருப்பிவிடும் கட்டளை. அதை அழிக்கச் சொன்னேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்த 3.8 நமக்காக வைத்தது இல்லை, உபுண்டு தன் வேலைக்காக வைத்திருப்பது. மென்பொருள் நிறுவ உபுண்டு பயன்படுத்தும் ஆப்ட்டோடு சேர்ந்த சில கருவிகள் அந்தப் பதிப்புக்கென்றே கட்டப்பட்ட துணைக் கோப்புகளை எதிர்பார்க்கின்றன. சில வருடங்களுக்கு முன் நான் இதைச் செய்துவிட்டு, டெர்மினல் ஜன்னலே திறக்காமல் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். கணினியின் பைதானைத் தொடாமல் விட்டுவிட்டு நமக்கு வேண்டியதைப் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி.

அப்புறம் நான் முதலில் செய்தது எந்த அமைப்பையும் மாற்றுவது இல்லை. புதிதாக ஒரு கோப்பு திறந்து இரண்டே வரி எழுதச் சொன்னேன். சிஸ் என்பதை இம்போர்ட் செய், சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள் என்பதை அச்சிடு. எந்தப் பைதான் இப்போது ஓடுகிறது, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று முழு முகவரியோடு அது சொல்லிவிடும். அந்தக் கோப்பை ஒரு தடவை முக்கோணப் பொத்தானால் ஓட்டினோம், ஒரு தடவை டெர்மினலில் கையால் தட்டி ஓட்டினோம். இரண்டு வேறு பதில் வந்தது. பொத்தான் சொன்னது 3.8, டெர்மினல் சொன்னது 3.12. விஎஸ் கோடின் பொத்தான், அந்த ஃபோல்டருக்கு எடிட்டரில் எந்தப் பைதானைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அதைக் கூப்பிடும். டெர்மினலில் நாம் தட்டுவது நாம் சொன்ன பெயருக்குப் பாத் என்ற ஃபோல்டர் பட்டியலில் எது கிடைக்கிறதோ அதைக் கூப்பிடும். ஒரே ஜன்னலுக்குள் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பாண்டாஸ் என்ற துணைத் தொகுப்பை நிறுவிவிட்டேன், ஆனாலும் அப்படி ஒரு மாட்யூல் இல்லை என்கிறது என்று எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்! அதுவும் இதே கதைதான், ஒரு பைதானில் நிறுவிவிட்டு இன்னொன்றில் ஓட்டுவது.

சிவப்புக் கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்திருந்தால் மேட்சுக்கு 3.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும் என்று அதுவே சொல்லியிருக்கும். எடிட்டரின் கீழ் வரியில் வலது பக்கம் 3.8.10 என்று எண்ணும் நின்றுகொண்டிருந்தது. பைதான் கோப்பு திறந்திருக்கும்போது மட்டும் தெரியும் எண் அது, கண் அங்கே போவதே இல்லை.

சரி, அவள் ஏற்கெனவே செட்டிங்ஸ் டாட் ஜேசன் கோப்பில் புதுப் பைதானின் முகவரியை எழுதித்தான் இருந்தாள். டிஃபால்ட் இன்டர்பிரெட்டர் பாத் என்ற இடத்தில், எழுத்துப்பிழை இல்லாமல். இன்டர்பிரெட்டர் என்றால் புரோகிராமை ஓட்டும் பைதான். ஏன் கேட்கவில்லை? அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது. அது ஒரு ஃபோல்டருக்கு இன்னும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது எடுத்துக்கொள்வதற்கான முகவரி. ஒரு தடவை பட்டியலில் இருந்து கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் எடிட்டர் அந்தத் தேர்வைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும், அதன் பிறகு இந்த வரியை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. அவள் முதல் நாளே பட்டியலில் 3.8ஐத் தேர்ந்தெடுத்திருந்தாள். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தி, பைதான் செலக்ட் இன்டர்பிரெட்டர் என்று தட்டி மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் கிளியர் வொர்க்ஸ்பேஸ் இன்டர்பிரெட்டர் செட்டிங் என்பதைக் கொடுத்துப் பழைய நினைவை அழிக்க வேண்டும்.

"நான் ஏன் 3.8ஐத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? வேறு எதுவும் அதில் இல்லை, சித்தப்பா" என்றாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்கு ஃபோல்டரை ஜிப் செய்து அனுப்பியபோது உள்ளே இருந்த, அந்தப் புரோகிராமுக்கென்று தனியாகக் கட்டிய பைதான் சூழலான டாட் வென்வ் ஃபோல்டரையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பைதான் சூழலை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. உள்ளே பைவென்வ் டாட் சிஎஃப்ஜி என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும், திறந்து பார்த்தோம், என் கணினியின் முகவரியும் 3.12.3 என்ற என் பதிப்பும் அதில் எழுதியிருந்தன. அந்த முகவரியில் அவள் லேப்டாப்பில் 3.12 கிடையாது. அதனால் எடிட்டர் அதை உயிரில்லாத சூழலாகக் கருதி ஒதுக்கிவிட்டது, மிச்சம் இருந்தது 3.8 மட்டும். மூன்று நாள் அந்தப் பிள்ளை தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டாட் வென்வை அழித்தோம். யூவியிடம் 3.12ஐ வைத்துப் புதிதாக ஒன்று கட்டச் சொன்னோம், சில நொடிகளில் முடிந்தது. பட்டியலைத் திறந்தால் இப்போது அது முதலிலேயே நின்றது, தேர்ந்தெடுத்தோம், கீழே எண் மாறியது, சிவப்புக் கோடு போய்விட்டது. திறந்திருந்த டெர்மினலை மூடி இன்னொன்று திறக்கச் சொன்னேன், ஏற்கெனவே திறந்திருப்பது பழைய சூழலிலேயே நிற்கும். ஜூப்பிட்டர் நோட்புக் பயன்படுத்துகிறவர்கள் இதோடு நிறுத்திவிடாதீர்கள், அதில் கெர்னலை, அதாவது நோட்புக்கை ஓட்டும் பைதானை, வலது மேல் மூலையில் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிமேல் ஃபோல்டரோடு எது போக வேண்டும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். டாட் வென்வ் போகாது, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் அதைக் கண்டுகொள்ளாதபடி எழுதிவிட்டோம். டாட் பைதான் ஹைஃபன் வெர்ஷன் என்ற ஒரு வரிக் கோப்பில் 3.12 என்று இருக்கும், யூவி அதைப் படித்து அந்தப் பதிப்பையே எடுக்கும். பைப்ராஜெக்ட் டாட் டோமல் என்ற அமைப்புக் கோப்பில் குறைந்தது 3.10 வேண்டும் என்று ஒரு வரி. எந்தப் பைதான் வேண்டும் என்பது என் கணினிக்கோ அவள் எடிட்டருக்கோ தெரிந்தால் போதாது, அந்த ஃபோல்டருக்குத் தெரிய வேண்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகு அவளாகவே ஒரு வேலை செய்தாள். புரோகிராமின் தலையில் பதிப்பைச் சோதித்து, பழையதாக இருந்தால் ஒரு செய்தி சொல்லி நின்றுவிடும்படி எழுதினாள். 3.8ஐ வைத்து ஓட்டிப் பார்த்தால் அந்தச் செய்தி வரவில்லை, மறுபடியும் அதே எழுத்துமுறைத் தவறுதான் வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், பிறகுதான் பிடிபட்டது. பைதான் ஒரு கோப்பை ஓட்டுவதற்கு முன் அதை முழுக்கப் படித்துவிடும், எங்கோ கீழே இருக்கும் மேட்ச் அப்போதே இடறுகிறது, அதனால் முதல் வரி ஓடுவதற்கே வாய்ப்பில்லை. சோதனையை மட்டும் வேறு சின்னக் கோப்பில் வைத்து, பதிப்பு சரியாக இருந்தால் அங்கிருந்து பெரிய கோப்பை இம்போர்ட் செய்யும்படி மாற்றினாள். இப்போது பழைய பைதானில் ஓட்டினால் சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில் அவள் எழுதிய வரி வருகிறது: "பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். கீழே வலது பக்கம் எண்ணைப் பாருங்கள்."